மே மாதத்தில் பார்க்காத நிலம்

கேள்வி:

எனக்கு வயது 41. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். இரவுநேர அழைப்புகளும் தூக்கமின்மையும் வெறுத்துப்போய், 2021 தொடக்கத்தில் வேலையை விட்டுவிட்டு வேடசந்தூர் பக்கம் நான்கரை ஏக்கர் வாங்கினேன். முருங்கையும் கொஞ்சம் காய்கறியும் வைத்தேன். வாங்கும்போது கிணறு நிரம்பி இருந்தது. இரண்டாவது கோடையில் வற்றியது. முதல் போர் (ஆழ்துளைக் கிணறு) ஓராண்டு தண்ணீர் கொடுத்து நின்றுபோனது. இரண்டாவதற்கு மனைவியின் நகையை அடகு வைத்தேன். 980 அடி போயும் புழுதிதான். சேமிப்பில் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது.

இப்போது பழைய மேலாளர் கோவையில் வேலை இருக்கிறது, வா என்கிறார். மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அன்று "போகாதே" என்றவர், இன்று "திரும்பாதே" என்கிறார். "எண்ணித் துணிக கருமம்" என்ற குறளைச் சொல்லிக் காட்டுகிறார். பள்ளித் தோழர்கள் கூடிய விழாவில் மேடையேறி, வேலையை விட்டு மண்ணுக்கு வாருங்கள் என்று பேசியவன் நான். அதைக் கேட்டு நண்பரின் தம்பி ஒருவர் வேலையை விட்டு நிலம் வாங்கினார். அவரும் இப்போது இரண்டாவது போருக்கு ஆள் பேசிக்கொண்டிருக்கிறார். மனைவி எதுவும் சொல்வதில்லை. எனக்கு விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

நான்கு ஆண்டுகளுக்கு மேல் வீணாக்கிவிட்டேனா? மனம் மாறுவதால் நான் உறுதி இல்லாதவனா? திரும்பிப் போனால் அதற்காகவும் வருந்துவேனோ? வருத்தமே இல்லாமல் முடிவெடுக்க வழி இருக்கிறதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

மனநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் நீளமானது. இடம் கருதிச் சுருக்கியே மேலே தந்திருக்கிறோம். முழுக் கடிதத்தில் நிலத்தைப் பற்றி மூன்று பக்கம் இருக்கிறது. கோவை வேலையைப் பற்றி ஆறு வரி. மனைவியைப் பற்றி ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில், இரண்டாவது போர் போட்ட இரவைப் பற்றிப் பேச வேண்டும்.

மாலை ஐந்து மணிக்கு வண்டி வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். 320 அடியில் புழுதி கறுத்து ஈரம் தட்டியது; உட்கார்ந்திருந்த எல்லோரும் எழுந்து நின்றீர்கள். கொஞ்ச நேரத்தில் அந்த ஈரம் போய் மறுபடியும் வெளுத்த புழுதி. 700 அடியில் ஓட்டுநர் எந்திரத்தை நிறுத்திவிட்டு உங்கள் அருகே வந்து, இன்னும் நூறு அடி போடலாமா என்று கேட்டார். ஆழம் கூடக் கூட அடிக்கான விலையும் கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். போடுங்கள் என்றீர்கள். 800-இலும் அதே கேள்வி, அதே பதில். 900-இலும் அப்படியே. 980 அடியில், வண்டியில் இருந்த ராடு தீர்ந்துவிட்டது என்று அவர் சொன்னார். "அந்த நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை. நிம்மதியாக இருந்தது. அது ஏன் என்று இன்றுவரை புரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

எனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நிறுத்துங்கள் என்ற சொல்லை உங்கள் வாயால் சொல்ல வேண்டிய அவசியம் அங்கே இல்லாமல் போயிற்று. நீங்களே நிறுத்தச் சொல்லியிருந்தால், அதுவரை கொட்டிய பணம் போனது போனதுதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகியிருக்கும். ராடு தீர்ந்து நின்றால் அந்தப் பாரம் உங்கள் மேல் விழாது. இன்று நிலத்தோடு நீங்கள் நடத்திக்கொண்டிருப்பதும் ஏறக்குறைய அதுவேதான் என்று அஞ்சுகிறேன். சேமிப்பு கடைசி ரூபாய் வரை கரையட்டும், அப்போது யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, விதி அப்படி என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று உள்ளுக்குள் ஒரு மூலை காத்திருக்கிறது. ஆனால் இந்த முறை தீரப்போவது வண்டியில் இருந்த ராடு இல்லை. மகளின் பத்தாம் வகுப்புக்கும் மகனின் படிப்புக்கும் வைத்திருக்கும் பணம்.

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 73 சதவீதம் கடும்பாறைப் பகுதி. திண்டுக்கல் மாவட்டத்தின் பெரும்பகுதி அதில் அடங்கும். அங்கே தண்ணீர் இருப்பது பாறையின் விரிசல்களில்தான்; ஆழம் போகப் போக அந்த விரிசல்கள் குறைந்துகொண்டே போகும் என்று நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்வார்கள். ஆக, 700 அடிக்குக் கீழே தண்ணீர் கிடைக்கும் வாய்ப்பு முதல் 300 அடியில் இருந்ததைவிடக் குறைவு, செலவோ அதிகம். அந்தக் கணக்கு தெரிந்த நீங்களே ஏன் போடச் சொன்னீர்கள்? ஏற்கெனவே 700 அடிக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது என்பதால்தான். விட்டதைப் பிடிக்கிறேன் என்று கையில் இருப்பதையும் விடுவது என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான் நடந்தது.

இது உங்கள் ஒருவருடைய பலவீனம் இல்லை. 1985-இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் ஒரு சோதனை செய்தார்கள். ஆண்டு முழுவதற்குமான டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலைக்கும், சிலருக்குத் தள்ளுபடியிலும் கொடுத்தார்கள்; யாருக்கு எது என்பது குலுக்கல் போலத்தான். எல்லோருக்கும் அதே நாடகங்கள், அதே இருக்கைகள். ஆனால் பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள் கூடுதலான நாடகங்களுக்கு வந்தார்கள். இன்றைய நாடகம் நன்றாக இருக்குமா என்பதைவிட, கொடுத்த காசு அவர்களை இழுத்துக்கொண்டு வந்தது. நாடகத்துக்கு ஒரு மாலை போனால் பெரிய நட்டமில்லை. வாழ்க்கையின் அடுத்த பத்து ஆண்டை அதே கணக்கில் முடிவு செய்தால் நட்டம் பெரியது.

எனவே, மாத இறுதிக்குள் நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இன்று கையில் இருக்கும் பணம், உடம்பு, பிள்ளைகளின் வயது, தண்ணீர் இல்லாத நான்கரை ஏக்கர், கோவையிலிருந்து வந்திருக்கும் அழைப்பு - இவற்றை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது நல்லது? போன நான்கு ஆண்டுகள் இந்தப் பட்டியலில் வராது. போகலாம் என்றாலும் இருக்கலாம் என்றாலும் அவை திரும்பி வரப்போவதில்லை.

இனி அப்பா. அவரைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு விஷயத்தை நீங்களே கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். 2021-இல் அவர் எச்சரித்தது, பிள்ளைகளின் படிப்பு கெட்டுவிடும், கிராமத்தில் மருத்துவ வசதி இருக்காது என்பதை. இரண்டும் நடக்கவில்லை, உங்கள் மகள் வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. நடந்தது வேறு: தண்ணீர் பொய்த்தது, முருங்கை விலை ஏமாற்றியது. இவற்றை அவரும் சொல்லவில்லை, நிலத்தை விற்றவரும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஆனால் இன்று அவர் "அன்றைக்கே சொன்னேன்" என்கிறார், நீங்களும் தலையாட்டுகிறீர்கள்.

முடிவு தெரிந்த பிறகு, அது முன்பே தெரிந்திருந்தது போல் மனம் கதையை மாற்றி எழுதிக்கொள்ளும். பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் இதை ஆராய்ந்தவர். 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் போவதற்கு முன், என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று மாணவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பயணம் முடிந்த பிறகு, அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்கள். நடந்துவிட்ட விஷயங்களுக்குத் தாங்கள் முன்பே அதிக வாய்ப்புக் கொடுத்திருந்ததாகப் பலரும் நினைவுகூர்ந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. அப்பாவும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருடைய நினைவை வைத்து உங்களுக்கு நீங்களே தண்டனை எழுதிக்கொள்ள வேண்டாம்.

குறளைப் பொறுத்தவரை, ஒரு தமிழாசிரியருக்கு நான் பாடம் நடத்தக் கூடாது. என்றாலும் மரியாதையோடு அவர் முன் வைக்க இரண்டு செய்திகள் இருக்கின்றன. "எண்ணித் துணிக கருமம்" எண்ணாமல் தொடங்கிவிட்டுப் பிறகு எண்ணிக்கொள்ளலாம் என்பவரைத்தான் கண்டிக்கிறது. தொடங்கியவர் கண் முன்னே தெரியும் இழப்பைப் பார்க்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. அதே தெரிந்துசெயல்வகை அதிகாரத்தின் மூன்றாவது குறள், "ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடை யார்" என்கிறது. வரப்போகும் லாபத்தை நினைத்துக் கையில் உள்ள முதலை இழக்கும் வேலையை அறிவுடையவர் செய்ய மாட்டார். முழுக் கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் மூன்றாவது போர் யோசனைக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் எழுத முடியாது. இன்னொன்று, வினைத்தூய்மையில் வரும் "எற்றென்று இரங்குவ செய்யற்க" என்ற குறள். அதன் பின்பாதிக்குப் பரிமேலழகர் சொல்லும் பொருள், தவறிச் செய்துவிட்டால் பின்னால் உட்கார்ந்து இரங்கிக்கொண்டிருக்காதிருப்பது நல்லது என்பது. அப்பாவுடன் வாதாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவருக்குப் பிடித்த மொழியிலேயே அவரோடு பேச்சைத் தொடங்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். அவர் பயப்படுவதும் ஊர் வாயைத்தான். மகன் இரண்டு முறை மாறினான் என்று நாலு பேர் சொல்வார்களே என்ற பயம்.

சொல்வார்கள்தான். கொஞ்ச நாள் சொல்வார்கள். அதற்கு மேல் அவரவருக்கு அவரவர் பாடு.

இனி, நான்கு ஆண்டும் வீணா என்ற கேள்வி. இதற்கு நான் ஆறுதலாக எதையும் சொல்லப்போவதில்லை. அனுபவம் கிடைத்ததே என்று சொல்வது எளிது, அதை நீங்கள் நம்பவும் மாட்டீர்கள். அதற்குப் பதிலாக ஒரு வேலை தருகிறேன். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, 2021 ஜனவரியில் கிரயம் முடிக்கும் முன் உங்களுக்கு என்னென்ன தெரியும் என்று எழுதுங்கள். பிறகு தெரிந்தது எதையும் உள்ளே விடாதீர்கள். கடிதத்திலிருந்து எனக்குத் தெரிந்த அளவில் அந்தப் பக்கம் இப்படி இருக்கும்: பத்து ஆண்டுகளாக ஆசை. தூக்கம் கெட்டு உடம்பு கெட்டிருந்தது. கையில் சேமிப்பு இருந்தது. நிலத்தை நான்கு முறை பார்த்தீர்கள், நான்கு முறையும் மார்கழியிலும் தையிலும். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொங்கலைத் தாண்டியும் பெய்தது. வழக்கமாக வறண்டு கிடக்கும் கிணறுகள்கூடத் தளும்பி நின்ற நேரம் அது. முருங்கைக்காய் விலையை விசாரித்ததும் அதே மாதங்களில்தான். மார்கழியில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டும் காய், சித்திரையில் வரத்துக் கூடினால் பறிகூலிக்கே தேறாது. அப்போது மரத்திலேயே முற்ற விட்டுவிடுவதுண்டு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு மூட்டை போட்டவர் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

இப்போது இந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். இதை எழுதியவர் முட்டாளா? இல்லை. ஆசைக்காகக் கண்ணை மூடிக்கொண்டவரா? அதுவும் இல்லை, விசாரித்திருக்கிறார், பணம் சேர்த்திருக்கிறார், பிள்ளைகளுக்கு நகரில் பள்ளி பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அவர் செய்யத் தவறியது ஒன்று: நிலத்தை மே மாதத்தில் போய்ப் பார்க்கவில்லை. விலையையும் மே மாதத்தில் விசாரிக்கவில்லை.

பாடம் அந்த அளவுதான். தவறு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய பாடமே போதும். "நான் எதற்கும் லாயக்கில்லாதவன்" என்று நீங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துக்கொண்டு அடுத்த முடிவில் என்ன செய்ய முடியும்? ஒன்றும் செய்ய முடியாது. "எதையும் அதன் மோசமான மாதத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்" என்பதை வைத்துக்கொண்டு நாளைக்கே வேலை செய்யலாம். ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் மறுபடி மறுபடி காண்பது இது: தன்னையே திட்டிக்கொள்பவர் எவ்வளவு காலம் திட்டிக்கொண்டாலும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. எந்த இடத்தில், எந்தத் தகவல் இல்லாமல் முடிவெடுத்தோம் என்று தேடிப் பார்ப்பவர்தான் அடுத்த முறை வேறு மாதிரி நடக்கிறார்.

அந்தப் பாடத்தைக் கோவை வேலைக்குப் பொருத்துங்கள். உங்கள் ஆறு வரியிலும் அதன் மார்கழி மட்டுமே இருக்கிறது: சம்பளம் இவ்வளவு, மேலாளர் நல்லவர், வீட்டிலிருந்தும் சில நாள் வேலை பார்க்கலாம். அதன் மே மாதம் எங்கே? நீங்கள் சென்னை வேலையை விட்டதே இரவுநேர அழைப்புகளாலும் தூக்கம் கெட்டதாலும்தான். புதிய வேலையில் வாரத்தில் எத்தனை இரவு விழிக்க வேண்டும்? வாடிக்கையாளர் எந்த நாட்டுக்காரர்? உங்களுக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார்? நான்கு ஆண்டு இடைவெளியில் மாறிப்போன தொழில்நுட்பத்தைக் கற்க எத்தனை மாதம் தருவார்கள்? இவற்றைக் கேட்க வெட்கப்படாதீர்கள். கூப்பிட்டு வேலை தருபவரிடம் கேள்வி கேட்பது நன்றிகெட்டத்தனம் இல்லை. பதில்கள் மோசமாக இருந்தால் வேறு வேலை தேடுங்கள்; இந்த வேலை வேண்டாம் என்பதும் நிலத்திலேயே இருப்பேன் என்பதும் ஒன்றல்ல. பதில்கள் தாங்கக்கூடியவையாக இருந்தால், என் கருத்தைக் கேட்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன், போங்கள். மூன்று பக்கத்தில் நீங்கள் எழுதியிருக்கும் தயக்கங்கள் எல்லாம் மற்றவர் என்ன சொல்வார்கள் என்பதைப் பற்றியவை. அந்த வேலை பிடிக்காது என்று ஓரிடத்திலும் எழுதவில்லை.

போவதென்று முடிவு செய்தால் அதைப் பாதிக்கதவு திறந்த முடிவாக வைக்காதீர்கள். ஒரு மாதம் பார்ப்பேன், பிடிக்காவிட்டால் திரும்பிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு போவது பாதுகாப்பாகத் தெரியும். டேனியல் கில்பர்ட், ஜேன் எபர்ட் என்ற இருவர் ஹார்வர்டில் புகைப்படம் கற்ற மாணவர்களிடம் இதைச் சோதித்து 2002-இல் எழுதினார்கள். தாங்கள் எடுத்த படங்களில் மிகப் பிடித்த இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். சிலருக்கு, வேண்டுமானால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதியும் தரப்பட்டது. மாற்ற முடியாதவர்களுக்குத் தங்கள் படம் நாளாக ஆகப் பிடித்துப்போனது. மாற்ற முடிந்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. எல்லாவற்றையும் மாற்ற முடியாததாக்குங்கள் என்று இதற்குப் பொருள் இல்லை; மனம் மாறுவதைப் பற்றித்தானே இந்தக் கடிதமே. ஒரு தேதி வையுங்கள் என்கிறேன். இரண்டு ஆண்டு என்று வைத்துக்கொண்டால், அதுவரை தினமும் சரியா தவறா என்று எடை போட வேண்டாம். அந்தத் தேதியில் உட்கார்ந்து, நிலத்துக்குச் செய்தது போலவே கணக்குப் பாருங்கள்.

வருத்தமே இல்லாமல் முடிவெடுக்க வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இரண்டு நல்ல பொருள்களில் ஒன்றை விட்டால் விட்டது கொஞ்ச நாள் வலிக்கத்தான் செய்யும். மரங்களை விட்டு வருவது உங்களுக்கு வலிக்கும், அது நியாயம். ஆனால் ஒன்று: தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற இரு உளவியலாளர்கள் 1990-களில் இதை ஆராய்ந்தபோது, செய்துவிட்டதற்கான வருத்தம் உடனடியாகக் கடுமையாக இருக்கிறது, செய்யாமல் விட்டதற்கான வருத்தம் நீண்ட காலத்தில் மிஞ்சி நிற்கிறது என்று கண்டார்கள். பத்து ஆண்டு ஆசைப்பட்டு நிலத்துக்குப் போகாமலேயே இருந்திருந்தால், அறுபது வயதிலும் "போயிருக்கலாமே" என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் பெற்றுவிட்டீர்கள். விலை அதிகம்தான், நான் மறுக்கவில்லை.

இப்போது அந்த ஒரு வரி. "மனைவி எதுவும் சொல்வதில்லை." நண்பரே, நகை அவருடையது. காலையில் ஆறேகால் பஸ்ஸுக்குப் பிள்ளைகளைக் கிளப்பி அனுப்புவது அவர். முருங்கை பறிப்புக்கு ஆள் வராத நாட்களில் தோட்டத்தில் இறங்கியதும் அவர் என்று நீங்களே வேறோர் இடத்தில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எதுவும் சொல்லாதவர் எதையும் நினைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் உடைந்துபோவீர்களோ என்று அவர் வாயைக் கட்டிக்கொண்டிருக்கலாம். கேட்டால் கோபம் வரும் என்று அஞ்சியிருக்கலாம். உங்களுக்குத் தெரியாத வேறு காரணமும் இருக்கலாம். அப்பாவிடம் பேசுவதற்கு முன், மேலாளரிடம் பேசுவதற்கு முன், அவரிடம் பேசுங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு, வங்கிப் புத்தகம், அடகுச் சீட்டு, கடன் கணக்கு எல்லாவற்றையும் அவர் முன் விரித்து வையுங்கள். "போகலாமா, வேண்டாமா" என்று தொடங்காதீர்கள். அப்படிக் கேட்டால் உங்கள் முகத்தைப் பார்த்து உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவார். இந்த ஆண்டுகள் உனக்கு எப்படி இருந்தன என்று கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் இருங்கள். பதிலில் கோபம் இருந்தால் இருக்கட்டும். அவருக்கு இந்த ஊர் பிடித்துப் போயிருக்கவும் கூடும். அப்படியானால் நீங்கள் மட்டும் கோவையில் தங்கி வார இறுதியில் வருவது போன்ற வழிகளையும் இருவரும் சேர்ந்து பேச வேண்டியிருக்கும். எந்த முடிவானாலும், நகையை மீட்பது முதல் சம்பளத்தின் முதல் செலவாக இருக்கட்டும்.

விடியற்காலை மூன்று மணி விழிப்பைப் பற்றி எழுதியதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. சில வாரங்களாகத் தூக்கம் கெட்டு, பசி குறைந்து, பிடித்த வேலையிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் இருக்கிறது. திண்டுக்கல் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டுங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 14416 அல்லது 104 என்ற எண்ணுக்கு அழையுங்கள், தமிழிலேயே பேசுவார்கள். மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு எடுக்கும் எந்த முடிவையும் காலை உணவுக்குப் பிறகு மறுபடி பார்க்காமல் நிறைவேற்றாதீர்கள்.

நிலத்தை அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை. வேலைக்குப் போவதும் நிலத்தை விற்பதும் இரு வேறு முடிவுகள். ஒன்றோடு ஒன்றைக் கட்டாதீர்கள். வெறுப்பில் விற்றால் விலை படியாது. பக்கத்துத் தோட்டக்காரர் குத்தகைக்குக் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். கொடுப்பதென்றால் வாய்ப்பேச்சில் விடாமல், சாகுபடி செய்யும் குத்தகைதாரரைப் பாதுகாக்கும் 1955-ஆம் ஆண்டுச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரை வைத்து எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அது உங்களுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. மூன்றாவது போர் மட்டும் வேண்டாம்.

கடைசியாக, உங்கள் பேச்சைக் கேட்டு நிலம் வாங்கிய நண்பரின் தம்பி. அவரை நினைத்தால் கூசுகிறது, அவர் அழைப்பை எடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வயதுவந்தவர், தன் முடிவைத் தானே எடுத்தவர். அவருடைய வாழ்க்கைக்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் மேடையில் சொன்னதில் பாதிதான் இருந்தது. முதல் போர் நின்றுபோன பிறகுதான் அந்த விழா நடந்தது, அதை நீங்கள் அங்கே சொல்லவில்லை. மீதிப் பாதியை அவருக்குச் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது. மன்னிப்புக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். கணக்கைக் கொடுங்கள்: இரண்டு போருக்கும் அடி வாரியாக ஆன செலவு, சொட்டுநீர்க் குழாய், பறிகூலி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன், பன்னிரண்டு மாதமும் காய் போன விலை. போன மே மாதம் அவர் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி நின்றது என்று கேளுங்கள். அவர் நிலம் வேறு, அவர் நிலைமை வேறு. கேட்டுவிட்டு அவர் போர் போடவும் செய்யலாம், அது அவர் விருப்பம். அவர் வண்டிக்கு ஆள் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதால் இதை மட்டும் மாத இறுதி வரை தள்ள வேண்டாம். இந்த இதழ் கைக்கு வந்ததும் அவரை அழைத்துவிடுங்கள்.